யாரும் ஆட்டாத தூளி

கொறங்காட்டுப்புதூரில் பூமி ஆட ஆரம்பித்தது ஒரு சந்தை நாளில், ஊரில் பாதிப்பேர் காய்கறி வாங்கிக்கொண்டும் மீதிப்பேர் விலையை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டும் இருந்த நேரத்தில். தக்காளிக் கூடைகள் தாமாகவே மெல்ல இடம் மாறின, தராசு முள் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து யாருக்கு நியாயம் சொல்வது என்று தெரியாமல் திணறியது, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டம் நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. சந்தை கலைந்த பிறகும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை, ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தும் நிற்கவில்லை. வீட்டை இடித்துத் தள்ளுகிற ஆட்டம் இல்லை அது. பக்கத்து வீட்டில் மாவு மில் ஓடினால் நம் வீட்டுத் தரை எப்படி இருக்குமோ அப்படி. என்ன ஒன்று, இந்த மில் ஊர் முழுவதுக்குமாக ஓடியது, அரைக்க ஒன்றும் இல்லாமலே ஓடியது.

காரணம் தேடி யாரும் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மௌனசாமி என்பவர் ஊருக்கு மேற்கே தன் காட்டில் தண்ணீருக்காக ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டார், பாறைத்தூளைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்தில் போர் பொய்த்தால் குழிவாயில் ஒரு கல்லை வைத்து மூடிவிட்டு நாலு நாள் யாரோடும் பேசாமல் இருப்பதுதான் வழக்கம். மௌனசாமி மூடவில்லை. சாயப்பட்டறை முதலாளி ரங்கராஜுக்கு அதைக் கொடுத்துவிட்டார். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீரை அதுவரை ஓடையில் விட்டுக்கொண்டிருந்த ரங்கராஜ், ஓடை ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடுகிறதே என்று அதிகாரிகள் வந்து வந்து நின்றதால், யார் கண்ணுக்கும் தெரியாத ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஆயிரம் அடி ஆழத்தைவிட அதற்குத் தோதான இடம் எது? பெரிய மோட்டாரை வைத்துச் சாயத்தண்ணீரை உள்ளே அழுத்தினார்கள். ஊருக்கும் சந்தோஷம்தான். ஓடை வெளுத்தது, ஓடையில் குடித்த ஆடுகளின் வாயும் வெளுத்தது, பட்டறையில் வீட்டுக்கு ஒருவருக்காவது வேலை இருந்தது. தண்ணீர் தராத பூமிக்கு நாமாவது தண்ணீர் தருகிறோம் என்று மௌனசாமி முதல் நாள் குழிவாயில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்.

பூமி ஆட ஆரம்பித்த பிறகு கருவிகளோடு ஜீப்பில் ஓர் அம்மா வந்தார். படித்தவர், பொறுமைசாலி, ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"கீழ பாறைங்க ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நடுவுல நீங்க தண்ணியை அழுத்தினீங்கன்னா அந்தப் பிடி வழுக்கிடுது. அதான் ஆட்டம். இப்படி விடாம ஆடறது மட்டும் ஏன்னு எனக்கே தெரியலை. ஆனா ஊத்தறதை நிறுத்தினா அடங்கிடும்."

"நெசந்தானுங்க அம்மிணி," என்றார் மௌனசாமி. "நிறுத்திப் போடறமுங்க."

அந்த அம்மாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஜீப்பின் புழுதி அடங்கும்வரை மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு போட்டுவிட்டார்கள்.

மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? முதலில் அலமாரிப் பாத்திரங்களைக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள், பிறகு டீக்கடையில் முக்கால் கிளாஸ் டீதான் ஒரு கிளாஸ் என்று ஒத்துக்கொண்டார்கள், பிறகு சலூன்காரர் வாடிக்கையாளரோடு சேர்ந்து தானும் ஆடியபடி மீசை ஒதுக்கக் கற்றுக்கொண்டார், அந்த ஊரில் ஒரு கன்னத்திலும் கீறல் விழவில்லை. மாரியம்மன் கோயில் மணி தானாகவே அடித்துக்கொண்டிருந்ததால் அதன் நாக்கில் துணி சுற்றினார்கள். பூசாரிக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது: எல்லோருமே ஆடிக்கொண்டிருந்தால் யார்மேல் சாமி வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வருஷப் பொங்கலில் சாமி வந்தவர் அசையாமல் நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு பெண்ணுக்குச் சாமி வந்து அவள் கல்லாட்டம் நின்றபோது ஊரே பயந்து கும்பிட்டது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், சம்பந்தம் பிடித்துப்போய்க் கை நனைக்க உட்கார்ந்தது. இலையில் சாம்பார் பையன் பக்கத்திலிருந்து பெண் பக்கத்துக்குத் தானாக ஓடியதைப் பார்த்து, நல்ல சகுனம் என்று அன்றே தட்டை மாற்றிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஊரைக் கவிழ்த்தது தூளிதான். விட்டத்தில் சேலையைக் கட்டிக் குழந்தையைப் போட்டால் போதும், ஆட்ட ஆள் வேண்டாம், பாட ஆள் வேண்டாம், தூளி தன்பாட்டுக்கு ஆடியது, குழந்தை தன்பாட்டுக்குத் தூங்கியது. தாய்மார்கள் அதற்குமுன் அறிந்திராத ஓய்வை அறிந்தார்கள், பகலில் கால் நீட்டிப் படுத்தார்கள், பட்டறைக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்தார்கள். கொறங்காட்டுப்புதூர்க் குழந்தை அழாது என்று சுற்றுவட்டாரத்தில் பேர் ஆகிவிட்டது. அழுகிற குழந்தைகளை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பொழுது தூங்கவைத்துக் கூட்டிப்போனார்கள். தங்கள் குழந்தைகளை இத்தனை ஆசையாக அந்த ஆட்டத்தின் கையில் கொடுத்த ஊர் உலகத்தில் வேறு இருந்திருக்க முடியாது.

முதலில் விழுந்தவர் மௌனசாமி. உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போய் மண்டப வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், இரண்டு எட்டு வைத்ததும் தரை தன்னை நோக்கிச் சாய்வதாக அலறிக்கொண்டு குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். காலையிலேயே குடித்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக விழுந்தார்கள். டவுன் காலேஜில் சேர்ந்த பெண்கள் சுவரைப் பிடித்தபடி வகுப்புக்குப் போய், சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்து, பிறகு போகவே இல்லை. ஓடுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றும் செய்யவில்லை. நிலைத்த மண்ணில் கால் வைத்தால்தான் குடல் புரண்டது. எப்படியும் இந்த ஊரை விட்டுத் தொலைவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போன பொன்னுரங்கம் என்பவன் இறங்க வழியில்லாமல் ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்குத் தாவித் தாவி இப்போதும் போய்க்கொண்டிருக்கிறான், கண்டக்டர்கள் அவனிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. ஊர் எல்லையில் ஒரு மைல்கல் இருந்தது. ஆட்டம் அந்தக் கல்வரைக்கும்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ரோட்டைப் பார்ப்பது வாலிபர்களுக்குச் சாயங்காலப் பொழுதுபோக்காக ஆனது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கதவே இல்லாத ஒரு கூண்டுக்குள் ஊர் அடைபட்டுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

துளசிமணி அந்த ஊருக்கு வாழ வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் புருஷன் கதிர்வேல் சாயப்பட்டறையில் துணி முக்குகிறவன், விரல் நகங்களில் என்றைக்கும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும், நல்லவன், அதிகம் பேசமாட்டான். அவள் முழுகாமல் இருந்தபோது பக்கத்து வீட்டு ராமாத்தாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன கண்ணு, நீ தூளி ஆட்டற வேலையே இல்ல. படுத்துத் தூங்கு," என்று சிரித்தாள். துளசிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. காலேஜுக்குப் போகாமல் மைல்கல் பக்கம் நின்றுகொண்டிருந்த பெண்களை அவள் பார்த்திருந்தாள். தன் குழந்தை அந்தக் கல்லைத் தாண்டி நடக்க வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அசையாத தரையில் அவள் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள், தின்றதெல்லாம் வெளியே வந்தது, கண்ணைத் திறந்தால் கூரை கிணறாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மண் அவளுக்கு அடங்கியது. பையன் பிறந்தான். சாதாரணக் குழந்தையாக இருந்தான், ஆட்டினால் தூங்கினான், நிறுத்தினால் அழுதான், கை ஓய்ந்துபோகும்வரை அவளைத் தூளி ஆட்டவைத்தான், ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் அவள் மனசு குளிர்ந்தது.

கதிர்வேல் பிள்ளையைப் பார்க்க வந்தான். டவுன் பஸ் அவள் தாய்வீட்டு ஊர் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் என்ஜினை நிறுத்தாமல் நிற்கும், சீட்டும் கம்பியும் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் குழந்தையை உயர்த்திப் பிடித்தாள்.

"எறங்கி வாங்க மாமா. ஒரு வாட்டி கையில வாங்கிக்குங்க."

"எறங்குனா உளுந்துருவேன் மணி. புள்ளையோட உளுந்துட்டன்னா?"

அவன் நீல நகமுள்ள ஒரு விரலை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினான். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் விசில் அடித்தார், அடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், பிறகு இன்னொரு முறை அடிக்க வேண்டியிருந்தது. பஸ் நகர்ந்தபோது துளசிமணி கூடவே ஓடினாள், குழந்தை விரலை விடும்வரை ஓடினாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவன் அப்படி வந்து அப்படியே போனான். ஒரு தகப்பன் தன் பிள்ளையை ஜெயிலில் பார்ப்பது போல, ஆனால் யார் உள்ளே யார் வெளியே என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரங்கராஜ் என்ன செய்கிறார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஒரு வாரம் போய்ச் சொன்னது போதவில்லை, மறுபடி மறுபடி போனாள், அவளைக் கண்டாலே வாசல் போலீஸ்காரர் "போம்மா, போ, சாயத்தண்ணிதானே" என்று வழிவிடும் அளவுக்குப் போனாள். கடைசியில் பட்டறைக்கு சீல் வைத்தார்கள், மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், குழிவாயில் இரும்பு மூடி போட்டார்கள். ரங்கராஜ் வேறு ஜில்லாவில் வேறு போர்க்குழி தேடிப் போய்விட்டார். ஆட்டம் நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு நாள் காலையில் நின்றது. கொறங்காட்டுப்புதூரில் பால் டம்ளர் விளிம்புவரை நிரம்பி ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் நின்றது.

அன்றைக்கே துளசிமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணிமணிகளோடு வந்து இறங்கினாள். மைல்கல்லைத் தாண்டியபோது அவள் கால்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் தெருவில் நிற்பவர் ஒருவரும் இல்லை. சந்தைக்காரர்கள் கூடைகளுக்கு நடுவில் கிடந்தார்கள், பூசாரி படிக்கட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தார், மௌனசாமி தன் வீட்டு வாசலில் நாலு காலில் ஊர்ந்துகொண்டிருந்தார். எல்லா வீட்டிலிருந்தும் குழந்தைகள் அழுத சத்தம் ஒன்றாகச் சேர்ந்து ஊருக்கு மேலே நின்றது. எத்தனை வேகமாக ஆட்டினாலும் அந்தக் குழந்தைகள் தூங்கவில்லை, ஆட்டுகிற கைக்கும் ஆடுகிற பூமிக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பால் குடிக்கவும் மறுத்தார்கள். ராமாத்தாளின் மகள் வயிற்றுப் பேத்தி அழுது அழுது குரல் போய், சத்தமே வராத வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"பத்து நாள் பல்லைக் கடிச்சுட்டு இருங்க அக்கா," என்றாள் துளசிமணி. "எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. அப்பறம் சரியாயிரும்."

"நீ ஒரு வருசம் இருந்தவ," என்றாள் படுத்தபடியே ராமாத்தாள். "இதுக இதுலயே பொறந்ததுக. இந்தப் புள்ள பத்து நாள் தாங்குமாடி? நீயே பாத்துச் சொல்லு."

துளசிமணி அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.

கதிர்வேல் மட்டும் அவள் சொன்னதற்காகத் தாங்கினான். தூணைப் பிடித்து நின்றான், தூணை விட்டு விழுந்தான், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றான். அவன் மூன்று எட்டு தனியாக நடந்து வந்து பையனைத் தொட்ட அன்றைக்குத்தான், மத்தியானத்தில், ஊர்க்காரர்கள் மௌனசாமி காட்டு இரும்பு மூடியை உடைத்தார்கள். சாயத்தண்ணீர் இல்லை, ஊற்றுவதற்கு வேறு என்ன இருக்கிறது? ஊருக்குத் தினமும் வரும் குடிதண்ணீர் லாரி வந்தது. ஆளுக்கொரு குடம் பிடித்து, முட்டி போட்டும் ஊர்ந்தும் இழுத்துக்கொண்டும் போய்ப் பொய்த்துப்போன போருக்குள் கவிழ்த்தார்கள். மோட்டார் வைத்து அழுத்திய ஆழத்துக்குக் குடத்துத் தண்ணீர் எப்படி எட்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது எட்டியது. கடைசிக் குடம் கவிழ்ந்து கொஞ்ச நேரத்தில் கோயில் மணி துணிக்குள் முனகியது, தூளிகள் அசைந்தன, ஊருக்கு மேலே நின்ற அழுகை ஒவ்வொரு வீடாக அணைந்துபோனது. கதிர்வேல் தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து தூங்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அழுதது அவள் பிள்ளை ஒன்றுதான். தரை நகர்வதைக் கண்டு மிரண்டு, கை கால்களை விறைத்துக்கொண்டு அலறியது. ஊரே அனுதாபப்பட்டது, ராமாத்தாள் விபூதி கொண்டுவந்து பூசினாள், யாரோ வசம்பு சுட்டுக் கொடுத்தார்கள். துளசிமணிக்கு அந்த அலறல் தேனாக இருந்தது. அழு சாமி, நல்லா அழு, என்று அதன் காதில் சொன்னாள். அழுதுகொண்டிருக்கும்வரை அவன் இந்த ஊர்க்காரன் ஆகவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் கிளம்பிவிடலாம் என்று துணிகளை மடித்து வைத்தாள். காலையில் கதிர்வேல் பையனை மார்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இரண்டு கையாலும் பிடித்திருந்தான், கம்பியில்லாத ஜன்னலில் பார்ப்பவன் போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே மணி," என்றான்.

இருந்தாள். மறுநாளும் அதையேதான் சொன்னான், மறுநாளும் இருந்தாள். மடித்த துணிகள் மடித்தபடி இருந்தன. குடம் தூக்கிக்கொண்டு போகிற வரிசையில் மட்டும் அவள் சேரவில்லை, அவள் கண்ணை யாரும் பார்க்கவும் இல்லை. ஊர் பாதித் தண்ணீரைக் குடித்தது, பாதியைப் பூமிக்குக் கொடுத்தது, உதடு வெடித்து நடமாடியது.

பிறகு ஒரு நாள் முற்பகலில் அவள் அடுப்படியில் இருந்தபோது வீடு அமைதியாக இருப்பது தெரிந்தது. கையில் இருந்த கரண்டி விழுந்தது. ஓடிப் போய்த் தூளியை விலக்கிப் பார்த்தாள். பையன் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் தொடாத தூளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

"பழகிட்டானா?" வாசலில் ராமாத்தாள் நின்றிருந்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தான் சொன்னேனே. இனி நீ படுத்துத் தூங்கு கண்ணு."

துளசிமணி தரையில் உட்கார்ந்தாள், தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள், பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதாள். அப்படி நினைத்ததை நினைத்து இன்னும் அழுதாள். அழுது முடித்து, மடித்து வைத்த துணிகளைப் பையில் போட்டு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். வேர்க்க வேர்க்க நடந்து மைல்கல்லைத் தாண்டி ஓர் எட்டு வைத்தாள். மண் அவளைத் தூக்கி அடித்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி முழங்காலில் விழுந்தாள், அவன் கண்ணைத் திறந்து, அசையாத வானத்தையும் அசையாத மரத்தையும் பார்த்து, ராமாத்தாளின் பேத்தி அழுதது போலவே அழ ஆரம்பித்தான். அவள் ஊர்ந்து கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தாள். அழுகை நின்றது.

அடுத்த நாள் தண்ணீர் லாரி வரவில்லை, அதற்கும் அடுத்த நாள் வரவில்லை. ஆட்டம் மெலிந்தது. உச்சிவெயிலில் தூளி ஒரு பக்கம் போய், அரைகுறையாகத் திரும்பி, அப்படியே தொங்கியது. பையன் அலறினான். அவள் ஆட்டினாள், வேகமாக ஆட்டினாள், பாடினாள், இந்தக் கை தாய்வீட்டில் ஆட்டிய அதே கைதான், அவன் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கதிர்வேல் தூணைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

வீட்டில் கடைசியாக ஒரு குடம் குடிதண்ணீர் இருந்தது. துளசிமணி அதை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். வெயிலில், ஆடி அடங்கிக்கொண்டிருந்த தெருவில், விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேற்கே நடந்தாள். குழிவாயில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மௌனசாமி முதல் நாள் உடைத்த தேங்காய் ஓடு இன்னும் அங்கே கிடந்தது. அவள் குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் விழுந்து சேர்ந்த சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்காலில் அது தெரிந்தது. தூரத்தில் அவள் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அழுகை நின்றது, அவள் காலிக் குடத்தோடு திரும்பி, சுவரைப் பிடிக்காமல், நேராக நடந்து வீட்டுக்குப் போனாள்.